மடி வலை இழுக்கும்போது மட்டும் என்ஜின் சூடு ஏறுகிறது, எங்கிருந்து பார்ப்பது?

ஜெகதை_போட்:

வணக்கம். ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் விசைப்படகு, மரப் படகுதான். லாரிக்குப் போடும் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினை மெரைனாக மாற்றி உள்ளே இறக்கியிருக்கிறோம். நல்ல தண்ணீர் சுற்று தனி, கடல் தண்ணீர் சுற்று தனி, இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றிவிடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர். புகைக்குழாயில் தண்ணீர் கலக்காது, அது நேராக மேலே போகிறது. கடல் தண்ணீர் பக்கவாட்டில் ஒரு குழாய் வழியாக வெளியே கொட்டும்.

ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தொழிலுக்கு இறங்கியதிலிருந்து ஒரே தொல்லை. ஜெட்டியில் ஸ்லோவில் ஓடினால் 78, 80 டிகிரியிலேயே நிற்கிறது. வலை இல்லாமல் 1400 ஆர்பிஎம்மில் போனாலும் 85-ஐத் தாண்டாது. மடியைப் போட்டு 1600-க்கு ஏற்றி இழுக்க ஆரம்பித்தால் இருபது நிமிடத்துக்குள் 98-க்கு வந்துவிடுகிறது, ஹெட்டர் டேங்க் (நல்ல தண்ணீர் ஊற்றும் மேல் தொட்டி) மூடி வழியாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் வெளியே வருகிறது. ஆர்பிஎம்மைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும்.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டி பெயின்ட் அடித்தோம், கடல் தண்ணீர் பம்புக்கு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறகுச் சக்கரம்) புதிது போட்டோம். சூடு வந்த பிறகு உள்ளூர் மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிட்டார், மாற்றமில்லை, இன்னும் சொல்லப்போனால் முன்பைவிடச் சீக்கிரமாகவே ஏறுவதுபோல் தெரிகிறது. இப்போது ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்ற வேண்டும் என்கிறார். ஹெட்டைக் கழற்றினால் எத்தனை நாள் போகும், என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும். வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். அதற்கு முன்னால் வேறு எதைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

பழைய_ஃபிட்டர்_நாகை:

ஹெட்டில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஸ்லோவில் சரியாக இருந்து, லோடு ஏறும்போது மட்டும் சூடாகி, லோடு குறைந்தால் இறங்குகிறது என்றால் என்ஜினில் எதுவும் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. சூட்டை வெளியே கொண்டுபோகிற வழி எங்கேயோ குறுகியிருக்கிறது. தண்ணீர் கொஞ்சமாக ஓடினாலும் ஸ்லோவுக்கு அது போதும், மடி இழுக்கப் போதாது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கினாலோ பம்ப் செத்துப்போனாலோ வலை இல்லாமல் 1400-இல் ஓடும்போதே காட்டிக்கொடுத்திருக்கும்.

முதலில் கேஜ் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள். சென்ஸாரின் எர்த் ஒயர் உப்பு பூத்திருந்தால் லைட்டைப் போட்டதும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் போட்டதும் முள் ஆடும். கடையில் துப்பாக்கி மாதிரி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் படகிலேயே வையுங்கள். பளபளப்பான பித்தளையிலும் அலுமினியத்திலும் அது குறைத்துக் காட்டும். அளக்கிற இடத்தில் பளபளக்காத கறுப்பு பெயின்டை ஒரு காசு அளவுக்குப் பூசிவிட்டு அங்கே பிடித்துப் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் டேங்கே பொங்குவதால் கேஜ் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் மற்ற அளவுகளுக்கு அந்தத் தெர்மாமீட்டர் வேண்டும்.

98-இலேயே பொங்குவது தனி விஷயம். ஹெட்டர் டேங்க் மூடி ஸ்பிரிங்கோடு அழுத்தம் பிடிக்கிற மூடியாக இருக்க வேண்டும். அரை பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 110-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கடினமாகிப்போனாலோ, யாராவது சாதாரண மூடியைப் போட்டிருந்தாலோ, 100-க்குப் பக்கத்தில் ஹெட்டுக்குள் அங்கங்கே கொதித்து நுரை வரும். மூடியை மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சூடு ஏறுவதற்குக் காரணம் மூடி இல்லை. சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவும் கூடாது, முகம் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டு சுற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மடி போட்டு 1600-இல் இழுத்துக்கொண்டிருக்கும்போது, சூடு 95-க்குப் பக்கத்தில் இருக்கையில், மூன்று அளவு எடுங்கள்: கடல் தண்ணீர் உள்ளே வரும் சூடு, பக்கவாட்டில் வெளியே கொட்டும் தண்ணீரின் சூடு, அப்புறம் ஒரு இருபது லிட்டர் வாளியைப் பிடித்தால் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்பது. ஆள் ஒருவர் விளிம்பில் தொங்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும், கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிறையக் கொட்டி, அதுவும் சூடே ஏறாமல் கடலில் எடுத்த மாதிரியே வெளியே வந்தால், சூடு எக்ஸ்சேஞ்சர் குழாயைத் தாண்டி வரவில்லை என்று அர்த்தம். குழாயில் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும், இல்லையென்றால் நல்ல தண்ணீர் பக்கம் சுற்றவில்லை, பெல்ட் நழுவுகிறது, காற்று அடைத்திருக்கிறது. கொஞ்சமாகக் கொட்டி, கை வைக்க முடியாத சூட்டில் வந்தால், கடல் தண்ணீர்தான் குறைவு. இந்த ஒரு சோதனையில் வேலை பாதியாகிவிடும்.

குளச்சல்காரன்:

நல்ல தண்ணீர் பக்கம் என்ன ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே எல்லாம் பாறை மாதிரி பிடித்துக்கொள்ளும். கடலோரத்து போர் தண்ணீர் பாதி உப்பு.

தெர்மோஸ்டாட் பற்றி: எங்கள் பக்கம் பாதிப் படகில் அது கிடையவே கிடையாது, நன்றாகத்தான் ஓடுகிறது. அதைத் திரும்பப் போடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள்.

பழைய_ஃபிட்டர்_நாகை:

குளச்சல் அண்ணே, நான்தான் வருகிறேன், திரும்பப் போடச் சொல்லப்போகிறேன். :)

சூடு என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் கரை முழுக்க இருக்கிற பழக்கம். சில என்ஜினில் அதனால் கெடுதல் தெரியாது. ஆனால் இந்த மாதிரி லாரி என்ஜின் பலவற்றில் தெர்மோஸ்டாட் செய்கிற வேலை இரண்டு. சூடானதும் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் அடிப்பக்கத் தட்டால் பைபாஸ் என்கிற குறுக்கு வழியை அடைக்கும். ஆளையே கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஹெட்டிலிருந்து வருகிற சூடான தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்பி மறுபடி என்ஜினுக்குள் போகும். ஜெகதைத் தம்பிக்கு முன்பைவிடச் சீக்கிரம் ஏறுவது இதனால்தான், அது மனப்பிரமை இல்லை. ஸ்லோவில் ஓடும்போதோ எதிர்ப்பக்கமாக என்ஜின் தேவையான சூட்டுக்கே வராது, டீசல் முழுதாக எரியாது, ஆயிலில் கசடு சேரும், சிலிண்டரின் உள் உறையான லைனர் தேயும்.

பழசு நல்லதா என்று தெரிய, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அடியில் படக் கூடாது. அதன் மேலேயே திறக்கும் சூடு பொறித்திருக்கும். அந்த அளவில் அசைய ஆரம்பித்து, அதற்கு மேல் ஒரு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும்.

காசிமேடு_கடல்:

நான் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம்தான் சந்தேகப்படுவேன். எங்கள் பக்கத்துப் படகில் இதே மாதிரி லோடில் மட்டும் பொங்கியது, ஹெட்டைத் திறந்தால் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிந்திருந்தது. கண்டுபிடிக்க வழி: காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் டேங்கில் விடாமல் குமிழி வந்தால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் கல் மாதிரி இறுகினாலும் அதுதான்.

இன்னொன்று, புகை எப்படி? மடி இழுக்கும்போது கரும்புகையாகக் கக்கினால் என்ஜின் தாங்காத சுமையை இழுக்கிறது. புரொப்பல்லரைத் தடைக்காலத்தில் மாற்றினீர்களா? பிட்ச் (இறகின் சாய்வு) கூடிய புரொப்பல்லரைப் போட்டுவிட்டு என்ஜினைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஜெகதை_போட்:

எல்லோருக்கும் நன்றி. புரொப்பல்லர் பழையதுதான். புகையும் வழக்கம்போல, ஏற்றும்போது கொஞ்சம் கறுத்து அப்புறம் தெளிந்துவிடும். காலையில் மூடியைத் திறந்து ஓட்டிப் பார்த்தோம், முதலில் நாலைந்து குமிழி வந்தது, பிறகு இல்லை. மேல் ஹோஸ் இறுகவில்லை. ஊற்றுவது கேன் தண்ணீரும் கூலன்டும், போர் தண்ணீர் இல்லை.

தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தோம், நன்றாகத் திறக்கிறது. திரும்பப் போட்டுவிட்டோம். ஏறும் வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஏறுவது நிற்கவில்லை.

ஃபிட்டர் அண்ணன் சொன்ன அளவுகள், மடி இழுக்கும்போது எடுத்தது: கடல் தண்ணீர் 30. வெளியே கொட்டுவது 50. இருபது லிட்டர் வாளி நிரம்ப 30 விநாடி. ஸ்லோவில் கொட்டுவதற்கும் 1600-இல் கொட்டுவதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, அதுதான் எனக்கு வினோதமாக இருந்தது.

பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் கொஞ்சம் தாழையும் (கடற்புல்) சேறும், அடைக்கிற அளவுக்கு இல்லை. பம்ப் மூடியைத் திறந்தும் பார்த்தோம், இம்பெல்லர் இறகு எல்லாம் முழுதாக இருக்கிறது.

டீசல்_கணக்கு:

அளவு எடுத்தது மிக நல்லது, இதை வைத்துக் கணக்கே போட்டுவிடலாம். 30 விநாடிக்கு 20 லிட்டர் என்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை, 0.67. ஒரு லிட்டர் கடல் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4 கிலோஜூல் வேண்டும். உங்கள் தண்ணீர் 20 டிகிரி ஏறியிருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் 53, 54 கிலோவாட். அதாவது என்ஜின் இவ்வளவு சூட்டைக் கடல் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருக்கிறது.

டீசலில் எரியும் சூட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ தண்டுக்குப் போகும், ஏறக்குறைய அதே அளவு புகையோடு போகும், மீதியில் பெரும்பகுதி கூலன்டுக்கு வரும். 100 குதிரைத்திறன் பக்கம், அதாவது 75 கிலோவாட் அளவில் இழுக்கிற என்ஜின் கூலன்டில் 50 சொச்சம் கிலோவாட் தள்ளுவது இயல்புதான். ஆக என்ஜின் அளவுக்கு மீறி சூட்டை உண்டாக்கவில்லை. எக்ஸ்சேஞ்சரும் அந்தச் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, இல்லையென்றால் 50 டிகிரியில் வெளியே வராது. கேஸ்கட் சந்தேகமும் இதோடு பெரும்பாலும் போய்விட்டது.

இந்த அளவு என்ஜினுக்கு நிமிடத்துக்கு 80, 90 லிட்டர் ஓடினால் தண்ணீர் பத்து டிகிரிக்குள்தான் ஏறும். உங்களுக்கு ஓடுவது 40. பாதித் தண்ணீரைக் காணோம்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. கடல் தண்ணீர் 50-ஐத் தாண்டிச் சூடானால் அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் படிய ஆரம்பிக்கும். இப்படியே தொழிலை ஓட்டினால் இன்று நன்றாக இருக்கிற எக்ஸ்சேஞ்சரும் கெட்டுப்போகும்.

பழைய_ஃபிட்டர்_நாகை:

கணக்குத் தம்பி சொன்னது சரி. அதில் ஒரு வரியை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும்: ஸ்லோவுக்கும் 1600-க்கும் வெளியே வரும் தண்ணீரில் வித்தியாசம் இல்லை என்கிறார். ரப்பர் இம்பெல்லர் பம்ப் சுற்றுக்கு இவ்வளவு என்று அள்ளித் தள்ளுகிற வகை. சுற்று கூடினால் தண்ணீர் கூடியே ஆக வேண்டும். கூடவில்லையென்றால் பம்புக்கு அள்ளத் தண்ணீர் கிடைக்கவில்லை. பம்ப் மூடித் தட்டில் வட்டமாகக் கோடு தேய்ந்திருந்தாலும் குறையும்தான், ஆனால் அது எல்லா ஆர்பிஎம்மிலும் குறைக்கும், இப்படி ஒரே அளவில் நிறுத்தாது.

உறிஞ்சும் பக்கத்தில் மூன்று இடம். ஒன்று ஹோஸ். உள்ளே கம்பிச் சுருள் இல்லாத சாதாரண ரேடியேட்டர் ஹோஸை உறிஞ்சும் பக்கம் போட்டால், சூடாகி இளகி, பம்ப் வேகமாக இழுக்கும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். நின்றதும் பழையபடி உருண்டையாகிவிடும், ஜெட்டியில் தேடினால் அகப்படாது. இழுக்கும்போதே கையால் தொட்டுப் பாருங்கள். பழைய ஹோஸில் உள் உறை பிரிந்து நாக்கு மாதிரி தொங்குவதும் உண்டு, அது வெளியே தெரியாது.

இரண்டாவது ஸ்ட்ரெய்னர் மூடியில் காற்று இழுப்பது. அதற்கு வாளியைப் பாருங்கள், வருகிற தண்ணீர் பால் மாதிரி நுரைத்து வந்தால் காற்று.

மூன்றாவது படகின் அடியில் இருக்கிற துவாரமும் அதன் மேல் இருக்கிற சல்லடையும். தடைக்காலத்தில் சுரண்டி பெயின்ட் அடித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

சோதனை சுலபம். என்ஜினை நிறுத்தி, அடி வால்வை மூடி, அதிலிருந்து ஸ்ட்ரெய்னருக்குப் போகிற ஹோஸைக் கழற்றுங்கள். வால்வு அளவுக்குச் சீவிய மர ஆப்பையும் சுத்தியலையும் கையில் வைத்துக்கொண்டு, படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, வால்வை முழுதாகத் திறங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற இரண்டு அங்குல வால்வு என்றால் மளமளவென்று பொங்கி வர வேண்டும். சோம்பலாக வந்தால் அடைப்பு அதற்குக் கீழேதான். ஆப்பு இல்லாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பழைய கேட் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் படகு போய்விடும்.

நன்றாகப் பொங்கி வந்தால் அடுத்து, பம்பின் உறிஞ்சும் ஹோஸைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் விட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

குளச்சல்காரன்:

சல்லடை என்றதும் ஒரு விஷயம். முன்பக்கம் பார்த்த மாதிரி சாய்ந்திருக்கிற வகையாக இருந்தால் கழற்றி மாட்டியவர்கள் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பின்பக்கம் பார்த்துவிட்டால் படகு ஓட ஓட தண்ணீரை வெளியே இழுக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் ஃபிட்டர் சொன்னதை எங்கள் மெக்கானிக்கிடம் காட்டினேன். எங்கள் என்ஜினில் பைபாஸை அடைத்து வைத்திருக்கிறாராம், அதனால் ஓடுகிறது என்றார். சரி, விட்டுவிடுகிறேன்.

ஜெகதை_போட்:

ஆள் கிடைத்துவிட்டான்! வால்வைத் திறந்ததும் தெருக்குழாயில் வரும் அளவுக்குக்கூட வரவில்லை, ஓரமாக ஒழுகி வந்தது. பையன் ஒருவன் கத்தியோடு அடியில் முங்கிப் பார்த்தான். சல்லடை ஓட்டைகளில் முக்கால்வாசி பெயின்டால் மூடியிருக்கிறது. பெயின்ட் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தோம், அவர்கள் சல்லடையைக் கழற்றாமல் அதன் மேலேயே இரண்டு கோட் இழுத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்த ஓட்டையில் இங்கே இருக்கிற சேறும் தாழையும் சேர்ந்துகொண்டது. சல்லடைக்கு உள்ளே, வால்வுக்கு முன்னால் இருக்கிற துண்டுக் குழாயில் பழைய கொட்டலசு (படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் உயிரி) வேறு ஒட்டிக்கிடந்தது, அது எத்தனை வருடத்துச் சொத்தோ.

சல்லடையைக் கழற்றி மேலே கொண்டுவந்து ஒவ்வொரு ஓட்டையாகத் துளைபோட்டுச் சுத்தம் செய்தோம். குழாயைக் கம்பியால் சுரண்டி எடுத்தோம். இப்போது மடி இழுக்கும்போது அதே வாளி 14 விநாடியில் நிரம்புகிறது, வெளியே வரும் தண்ணீர் 39, 40. கேஜில் 84, ஏறவே இல்லை. ஹெட்டர் மூடியும் புதிது போட்டாயிற்று.

ஹெட்டைக் கழற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் சொன்னேன், அவர் ‘அப்படியா’ என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கேள்வி. இத்தனை நாள் சூட்டில் ஓடியதற்கு வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? அப்புறம், இந்தச் சேற்றுக் கடலுக்கு ஏராவை (படகின் அடி நடுக்கட்டை) ஒட்டி வெளியே குழாய் ஓட்டி, கடல் தண்ணீரையே உள்ளே எடுக்காமல் குளிர வைக்கிறார்களே, அது நமக்குச் சரிப்படுமா?

டீசல்_கணக்கு:

14 விநாடி என்றால் நிமிடத்துக்கு 85 லிட்டர். ஒன்பது பத்து டிகிரி ஏற்றத்தோடு பெருக்கினால் மறுபடி அதே 50 சொச்சம் கிலோவாட். என்ஜின் முன்பும் அதே சூட்டைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

பழைய_ஃபிட்டர்_நாகை:

சந்தோஷம் தம்பி. ஏராக் குழாய் பற்றி: சேறும் தாழையும் உள்ளே வராது, கடல் தண்ணீர் பம்பே வேண்டாம், அது உண்மை. ஆனால் குழாயின் வெளிப்பக்கம் கொட்டலசு பிடித்தால் கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடும், சூடு வெளியே போகாது. பெயின்டும் தடிப்பாக அடிக்கக் கூடாது. நீங்கள் இருப்பது பாக் விரிகுடா, ஆழமே இல்லாத கடல். தரை தட்டி அந்தக் குழாய் நசுங்கினால் நடுக்கடலில் என்ஜினின் நல்ல தண்ணீர் முழுவதும் போய்விடும். மடியை மெதுவாக இழுக்கும்போது அதன் மேல் தண்ணீர் ஓட்டமும் குறைவு, அதனால் குழாய் நிறைய நீளம் வேண்டும். இப்போது இருப்பது ஒழுங்காக ஓடும்போது அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து, வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு.

சூட்டில் ஓடியதற்குப் பார்க்க வேண்டியவை: ஆயிலைக் குச்சியில் எடுத்துப் பாருங்கள், காப்பி நிறத்தில் குழைவாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இல்லையென்றாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். கூலன்ட் மட்டத்தில் குறி போட்டு வைத்துக் கொஞ்ச நாள் பாருங்கள், குறையாமல் நின்றால் கேஸ்கட் பிழைத்தது. இம்பெல்லரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், தண்ணீர் போதாமல் ஓடினால் இறகின் அடியில் விரிசல் விடும், இறகு பிய்ந்து போனால் துண்டு கூலரின் வாயில் போய் உட்காரும். திரும்பப் போடும்போது கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ போதும்.

கடைசியாக கியர் ஆயில் கூலர். உங்கள் படகில் கடல் தண்ணீர் அதன் வழியாகவும் போகிறதென்றால் அதைக் கண்டிப்பாகத் திறந்து பாருங்கள், அதன் குழாய்கள் எக்ஸ்சேஞ்சரில் இருப்பதைவிட மெல்லியது, சேறும் தாழைத் துண்டும் முதலில் அங்கேதான் சிக்கும். மெல்லிய மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ விட்டுத் தள்ளுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். சுண்ணாம்பு படிந்திருந்தால் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவலாம், ஆனால் இரண்டு பக்க மூடியும் அலுமினியம் என்றால் அவற்றைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகப் பென்சில் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், உடைந்திருந்தால் துண்டை உள்ளே விட்டுவிடாமல் தேடி எடுங்கள்.

ஜெகதை_போட்:

கியர் கூலர் வரிசையில் முதலாவதாகத்தான் இருக்கிறது அண்ணே. நாளைக்குத் தொழில் இல்லை, காலையிலேயே திறந்துவிடுகிறோம்.